பகுதியைக் கேளுங்கள்

2025 மே மாதம், பிளஸ் 2 தேர்வு முடிவு வந்த வாரம். அரியலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் காலை ஏழு மணிக்கே பெஞ்சில் இடமில்லை. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுநர்கள், முதல் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், நடைப்பயிற்சி முடித்த என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள் என எல்லார் வாயிலும் ஒரே எண்தான்: 98.82. பிளஸ் 2 தேர்ச்சியில் தமிழ்நாட்டிலேயே அரியலூர் மாவட்டம் முதலிடம். மாநிலச் சராசரி 95.03.

என் தெருவில் குடியிருக்கும் லாரி ஓட்டுநர் ஒருவர் நாளிதழோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய மகள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள்.

"சார், நீங்க கணக்கு வாத்தியாரா இருந்தவரு. ஒண்ணு கேக்கணும். நம்ம மாவட்டம் முதலிடம்னு போட்டிருக்கு. அதே பேப்பர்ல, மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிங்க 91.94தான்னும் போட்டிருக்கு. எங்க பக்கத்து மெட்ரிக் பள்ளி வாசல்ல 'நூறு சதவீதத் தேர்ச்சி'ன்னு பேனர் கட்டியிருக்காங்க. பாப்பாவ ஒன்பதாவதுக்கு அங்க மாத்திடலாம்னு வீட்ல சொல்றாங்க. கவர்மெண்டு பள்ளிக்கூடத்துக்குப் பணமே செலவு பண்றதில்லையா, இல்ல பண்ற பணம் வீணாப் போகுதா?"

ஒரே மூச்சில் கேட்டாலும் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பள்ளிகளின் தேர்ச்சியை எப்படி ஒப்பிடுவது? பள்ளிகளுக்குப் போகும் பணத்தை எப்படி ஒப்பிடுவது? இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நம்மில் பலர் பிள்ளையின் பள்ளியை முடிவு செய்கிறோம்.

"ரெண்டு டீ சொல்லுங்க தம்பி. ஒண்ணொண்ணா பாப்போம்" என்றேன்.

பின்னம் என்ற பாடம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கோட்டுக்கு மேலே இருக்கும் எண் தொகுதி, கீழே இருக்கும் எண் பகுதி. தேர்ச்சி விழுக்காடும் ஒரு பின்னம்தான். தேர்ச்சி பெற்றவர்கள் மேலே, தேர்வு எழுதியவர்கள் கீழே. நாளிதழும் பேனரும் வகுத்து வந்த விடையை மட்டும் காட்டுகின்றன. கோட்டுக்குக் கீழே யார் யார் நின்றார்கள் என்பது அதில் தெரியாது.

நாளிதழின் ஓரத்தில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். 2023ஆம் ஆண்டு பிளஸ் 2 தேர்வை எழுதியவர்கள் 8,03,385 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 7,55,451 பேர். வகுத்தால் 94.03 விழுக்காடு. அதுதான் அந்த ஆண்டு தலைப்புச் செய்தி. அதே தேர்வின் முதல் நாள், மார்ச் 13 அன்று, மொழிப்பாடத் தேர்வுக்கு 50,000க்கும் மேற்பட்டவர்கள் வரவே இல்லை. கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்காமல் 2021இல் எல்லாரும் தேர்ச்சி என்று மேலே ஏற்றப்பட்ட அணி அது. தேர்வெழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலில் பெயர் இருந்தது, ஹால் டிக்கெட் அச்சானது, பிள்ளைகளைக் காணோம். அவர்களையும் கோட்டுக்குக் கீழே சேர்த்து வகுத்தால் 94 என்பது 88ஐ ஒட்டி இறங்கிவிடும்.

அவர் கணக்கை இரண்டு முறை பார்த்தார். "அப்ப வராதவங்கள ஃபெயில்னு எண்ண மாட்டாங்களா சார்?"

"விழுக்காட்டுல எண்ண மாட்டாங்க தம்பி. எழுதினவங்கள வெச்சுத்தான் விழுக்காடு."

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எழுதியவர்களில் எத்தனை பேர் தேர்ச்சி என்ற கேள்விக்கு 94.03 சரியான விடை. ஆனால் ஒரு தகப்பனுக்கு வேண்டியது வேறு கேள்வியின் விடை. 'என் பிள்ளையை இங்கே சேர்த்தால் கடைசிவரை கைவிடாமல் கூட்டிப்போவார்களா?' அதற்குச் சேர்ந்தவர்களைக் கோட்டுக்குக் கீழே வைக்க வேண்டும்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முதல் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 45, தேர்ச்சியும் 45. பேனரில் நூறு விழுக்காடு. இரண்டாவது பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர். எழுதியவர்கள் 58, தேர்ச்சி 53. விழுக்காடு 91. பேனர் கட்ட முடியாது. ஆனால் சேர்ந்த அறுபதில் முதல் பள்ளி கரையேற்றியது 45 பேரை, இரண்டாவது பள்ளி 53 பேரை. எது நல்ல பள்ளி?

முதல் பள்ளியில் நடுவில் காணாமல் போன பதினைந்து பேர் எங்கே போனார்கள் என்று கேட்டால் பல பதில்கள் வரும். சிலர் ஊர் மாறியிருப்பார்கள். சிலரிடம் ஒன்பதாவது முடிவில் 'இந்தப் பிள்ளைக்கு இங்கே ஒத்துவராது' என்று சொல்லி டி.சி. கொடுத்திருப்பார்கள். சிலரைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லியிருப்பார்கள். சேர்க்கும்போதே வடிகட்டுவதும் உண்டு. எட்டாம் வகுப்புவரை சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் கை ஒன்பதாம் வகுப்புக்கு நீளாது.

இதைச் சொல்லும் உரிமை எனக்கு முழுமையாக இல்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பல ஆண்டுகளுக்கு முன், நாமினல் ரோல் அனுப்பும் நேரத்தில் ஆசிரியர் கூட்டம் நடந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு பையன் அரையாண்டுத் தேர்வில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் எழும்பவில்லை. மற்ற எல்லாரும் தேறிவிடுவார்கள் என்று நம்பிக்கை இருந்தது. 'இவனை மட்டும் பிரைவேட்டா எழுதச் சொல்லிடலாம், அவனுக்கும் நல்லது' என்று ஒரு குரல். யாரும் மறுக்கவில்லை. கணக்கு ஆசிரியன் நானும் மறுக்கவில்லை. அவனுடைய அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார்கள், அவர் கையெழுத்துப் போட்டார். அந்த ஆண்டு எங்கள் பள்ளி நூறு விழுக்காடு. விழாவில் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் நானும் நின்றேன்.

"அந்தப் பையன் இப்ப என்ன பண்றான் சார்?"

"தெரியாது தம்பி. தேடிப் பார்க்கவும் இல்லை."

பின்னத்தின் பகுதியிலிருந்து எடுத்துவிட்ட பிள்ளையை அதன்பிறகு எந்தப் பதிவேடும் பின்தொடர்வதில்லை. தோற்றவன் பெயராவது மறுதேர்வுப் பட்டியலில் இருக்கும். நாங்கள் எடுத்துவிட்டவனுக்கு அதுவும் இல்லை. வகுப்பறையில் பின்னம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு, பகுதி என்பது வெறும் எண் இல்லை என்று புரிய இத்தனை காலம் ஆயிற்று.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு மாவட்டத் தரவரிசைக்கு வந்தோம்.

பிளஸ் 2வில் 2022இல் முதலிடம் பெரம்பலூர், 2023இல் விருதுநகர், 2024இல் திருப்பூர், 2025இல் அரியலூர். பத்தாம் வகுப்பில் 2023இல் பெரம்பலூர், 2024இல் அரியலூர், 2025இல் சிவகங்கை. திருப்பூரைத் தவிர மற்றவை எல்லாம் பெருநகரம் இல்லாத மாவட்டங்கள். பெரம்பலூரிலிருந்து பிரிந்து 2007இல் மறுபடி தனி மாவட்டமான அரியலூரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஏழரை லட்சம்தான். இந்த அளவுள்ள மாவட்டத்தில் ஒவ்வொரு பள்ளியையும் ஆண்டுக்குப் பலமுறை நேரில் பார்க்க முதன்மைக் கல்வி அலுவலரால் முடியும். எந்தப் பள்ளியில் எத்தனை பேர் மெல்லக் கற்போர் என்று பெயரோடு தெரிந்துகொள்ள முடியும். மாலைச் சிறப்பு வகுப்பு நடக்கிறதா என்று கேட்க முடியும். சின்ன ஊரின் பலம் அது. அந்த உழைப்பை நான் கண்ணால் பார்த்தவன், அதற்குத் தலைவணங்குகிறேன்.

ஆனால் வரிசை எண்ணை இதற்குமேல் இழுக்க வேண்டாம். 2025இல் இரண்டாமிடம் பெற்ற ஈரோடு 97.98. நமக்கும் அவர்களுக்கும் இடையே நூறு பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளைகூட வித்தியாசமில்லை. அடுத்த ஆண்டு நாம் ஐந்தாமிடத்துக்குப் போனால் ஆசிரியர்கள் உழைப்பதை விட்டுவிட்டார்கள் என்று பொருளாகாது. மாணவர்களின் தர வரிசைப் பட்டியலை வெளியிடுவதைத் தமிழ்நாடு 2017இலேயே நிறுத்திவிட்டது, பிள்ளைகள் மனம் நோகிறது என்பதற்காக. மாவட்டங்களை மட்டும் இன்னும் வரிசையில் நிற்க வைக்கிறோம்.

அரசுப் பள்ளிகளின் 91.94ஐயும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். வாசலில் வந்து நிற்கும் எந்தப் பிள்ளையையும் அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. நடுவில் நின்று திரும்பி வந்த பிள்ளை, செங்கல் சூளையில் வேலைபார்க்கும் பெற்றோரோடு ஊர் ஊராக அலைந்த பிள்ளை, வேறு பள்ளி டி.சி. கொடுத்து அனுப்பிய பிள்ளை எல்லாரும் அந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு வந்த 91.94 அது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையில் வந்த பிள்ளையை 45 மதிப்பெண்ணுக்குக் கொண்டுவந்த ஆசிரியரின் உழைப்பு, 85இல் வந்தவரை 92க்கு ஏற்றியவரின் உழைப்பைவிடக் குறைந்ததா? எங்கே தொடங்கினார்கள் என்று தெரியாமல் எங்கே முடித்தார்கள் என்பதை மட்டும் ஒப்பிடுவது ஒரு பக்கத் தராசு.

பொதுத்தேர்வைவிடக் கொஞ்சம் நேர்மையான அளவுகோல்களும் இருக்கின்றன. 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவுத் தேர்வு 3, 5, 8, 10 வகுப்புகளில் பிள்ளைகளின் உண்மையான நிலையைப் பார்த்தது. மாநில அரசும் 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு அடைவுத் தேர்வு நடத்தியது. 'அசர்' என்ற ஆய்வு 2005இலிருந்து நடக்கிறது. பிள்ளைகளைச் சோதிக்க அவர்கள் பள்ளிக்குப் போவதில்லை, கிராமத்தில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறார்கள், கணக்குப் போடச் சொல்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை, தனியார் பள்ளிப் பிள்ளை, எந்தப் பள்ளிக்கும் போகாத பிள்ளை மூவரும் அங்கே கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறார்கள். யாரையும் டி.சி. கொடுத்து அனுப்பிவிட முடியாத பகுதி அது.

"சரி சார், தேர்ச்சி புரியுது. பணம்?"

இரண்டாவது டீ வந்தது.

2025–26 மாநில நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய தொகை 46,767 கோடி ரூபாய். எண்ணைக் கேட்டதும் அவருடைய புருவம் உயர்ந்தது. "இவ்வளவு பணமா? அப்புறம் ஏன் பாப்பா பள்ளிக்கூடத்துல கழிவறைக் கதவு உடைஞ்சு கிடக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, பணம் பள்ளிக்கு எந்த வடிவத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். அதில் மிகப் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளமாக வருகிறது. அது பள்ளியின் கைக்கு வருவதில்லை, கருவூலத்திலிருந்து ஆசிரியரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அரியலூரில் இருந்தாலும் கோயம்புத்தூரில் இருந்தாலும் ஒரே பதவிக்கு ஊதிய விகிதம் ஒன்றுதான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மற்ற நாடுகளைப் பார்த்தால் புரியும். அமெரிக்காவில் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் சொத்துவரி. டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பள்ளி மாவட்டமும் அலமோ ஹைட்ஸ் என்ற வசதியான மாவட்டமும் இருந்தன. எட்ஜ்வுட் மக்கள் கூடுதலான விகிதத்தில் வரி கட்டினார்கள். 1967–68இல் அந்த வரியில் ஒரு பிள்ளைக்குத் தேறியது 26 டாலர். குறைந்த விகிதத்தில் கட்டிய அலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர். மாநில, மத்திய உதவியெல்லாம் சேர்த்த பிறகும் ஒரு பிள்ளைக்கு 356 டாலர், 594 டாலர் என்று இடைவெளி நின்றது. எட்ஜ்வுட் பெற்றோர் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வழக்குத் தோற்றது.

நம் ஊரில் ஏழைப் பஞ்சாயத்துக்கு ஏழை ஆசிரியர் என்ற நிலை இல்லை. நம்முடைய ஏற்றத்தாழ்வு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. அதைக் காண இங்கேயும் கோட்டுக்குக் கீழே பார்க்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஐந்தாம் வகுப்புவரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90வரை மூவர், 91 முதல் 120வரை நால்வர். கணக்குக்காக ஓர் ஆசிரியருக்கு மாதம் 60,000 ரூபாய் என்று வைப்போம், ஆண்டுக்கு 7,20,000. ஒரு குக்கிராமத்துப் பள்ளியில் 12 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர். சம்பளச் செலவு 14,40,000. பிள்ளைக்கு 1,20,000 ரூபாய். பக்கத்துச் சிற்றூரில் 120 பிள்ளைகள், நான்கு ஆசிரியர். செலவு 28,80,000. பிள்ளைக்கு 24,000 ரூபாய்.

ரூபாயை மட்டும் பார்த்தால் குக்கிராமத்துப் பிள்ளைக்கு ஐந்து மடங்கு செலவு. வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தால் அங்கே இரண்டு பேர் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார்கள். ஒருவர் விடுப்பு எடுத்தால், பயிற்சிக்குப் போனால், எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரம் பதிவேற்ற உட்கார்ந்தால், ஒரே ஆள் ஐந்து வகுப்புக்கும். 'தலைக்கு இவ்வளவு செலவு செய்தும் பலன் இல்லை' என்று யாராவது பட்டியல் காட்டினால், அந்தத் தொகை எத்தனை ஆசிரியராக, எத்தனை வகுப்புக்கு மாறியது என்று கேட்க வேண்டும். பிள்ளை குறையக் குறையத் தலைக்கான செலவு காகிதத்தில் ஏறும், பிள்ளைக்குக் கிடைப்பது ஏறாது.

இனி அந்தக் கழிவறைக் கதவு. பள்ளி தன் கையால் செலவு செய்ய வரும் பணம் பள்ளி மானியம். 2018இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், அதாவது சமக்ர சிக்ஷா, வழியாக அது வருகிறது. முப்பது பிள்ளைகள்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100வரை 25,000, 101 முதல் 250வரை 50,000, 251 முதல் 1,000வரை 75,000, அதற்குமேல் ஒரு லட்சம். சாக்பீஸ், சின்னப் பழுது, கழிவறைச் சுத்தம் எல்லாம் இதற்குள்தான்.

"இதுலயும் தலைக்கு வகுத்துப் பாருங்க தம்பி" என்றேன். அவரே கைப்பேசியில் போட்டார். முப்பது பிள்ளை இருந்தால் தலைக்கு 333 ரூபாய். ஒரு பிள்ளை கூடி 31 ஆனால் தலைக்கு 806. ஆயிரம் பிள்ளை உள்ள பள்ளியில் தலைக்கு 75 ரூபாய். ஆண்டு முழுவதற்கும் 75. ஒரே ஒரு பிள்ளை டி.சி. வாங்கிப் போவதால் 15,000 ரூபாய் இழக்கும் பள்ளியும் இருக்கிறது. பெரிய பள்ளியின் தலைமை ஆசிரியர் ஏன் எப்போதும் யாரிடமாவது நன்கொடை கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்பதும் இதில் விளங்கும்.

இந்தத் திட்டத்தில் 60 பங்கு ஒன்றிய அரசு, 40 பங்கு மாநில அரசு. 2024–25இல் ஒன்றிய அரசின் பங்கான 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு வரவில்லை. புதிய கல்விக் கொள்கையோடு இணைந்த பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாநிலம் மறுத்தது, ஒன்றிய அரசு தொகையை விடுவிக்கவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் போயிற்று. யார் பக்கம் நியாயம் என்று டீக்கடையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசலாம். இரண்டு யானைகள் மோதும்போது மிதிபடும் புல் எது என்பதில் மட்டும் இரண்டு கருத்து இருக்க முடியாது.

பள்ளிக்கு வரும் எல்லாப் பணமும் பள்ளிக் கல்வித் துறைக் கணக்கில் இருப்பதுமில்லை. மதிய உணவும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிந்த காலை உணவும் சமூக நலத்துறையின் வழி வருகின்றன. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக் கட்டடம் ஊரக வளர்ச்சித் துறை வழியாகவும் வரும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் ஒரு வகுப்பறை, நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் ஒரு கலையரங்கம் என்று பல கைகளிலிருந்து சேருகிறது. ஒரு பள்ளிக்கு மொத்தம் எவ்வளவு வந்தது என்று ஒரே தாளில் பார்ப்பது அதனால்தான் கடினம்.

அரியலூருக்கென்று தனியாக ஒரு வழியும் உண்டு. நம் காலடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல். சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தத்தின்படி, சுரங்கம் உள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைகிறது. பழைய குத்தகைக்காரர்கள் உரிமத்தொகையில் 30 விழுக்காடும், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 விழுக்காடும் அதில் செலுத்த வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு அந்தப் பணம் போக வேண்டும். முன்னுரிமைச் செலவுகளில் கல்வியும் ஒன்று. இதைத் தவிர, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் சொல்கிறது.

"நம்ம லாரி கெளப்புற புழுதிக்கு அப்ப பாப்பா பள்ளிக்கூடத்துக்கும் பங்கு உண்டா சார்?" என்றார் அவர்.

"கேட்டா உண்டு தம்பி."

கேட்கத் தெரிந்த ஊருக்குச் சுற்றுச்சுவர் வருகிறது. மனு எழுதத் தெரிந்த தலைமை ஆசிரியர் இருக்கும் பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை வருகிறது. இந்தப் பணத்தால் கட்டடம் கட்ட முடியும், நிரந்தரக் கணக்கு ஆசிரியரை நியமிக்க முடியாது என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஏனென்றால் உண்மையான பற்றாக்குறை நாற்காலியில் இருக்கிறது. அனுமதித்த பணியிடம் ஐந்து, அதில் ஒன்று காலி என்றால் அந்த ஆண்டு அந்தச் சம்பளம் செலவாவதில்லை. கணக்கில் அது மிச்சம் போலத் தெரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஓர் ஆண்டு அறிவியல். பெற்றோர் ஆசிரியர் கழகம் சொற்பச் சம்பளத்துக்கு ஒரு பட்டதாரிப் பெண்ணை வைக்கும். அந்தப் பெண் உயிரைக் கொடுத்து நடத்துவார், வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார், போவதில் தவறும் இல்லை. பக்கத்து நகரப் பள்ளியில் இடமாறுதல் கலந்தாய்வு நடந்த மறுநாளே இடம் நிரம்பிவிடும், பேருந்து போகாத ஊரில் நிரம்பாது. ஊதிய விகிதம் ஒன்றாக இருந்தும் ஏற்றத்தாழ்வு நுழைவது இந்த வழியில்தான்.

பிறகு ஒரு சுழல் தொடங்குகிறது. ஆசிரியர் இல்லை என்று நான்கு பெற்றோர் பிள்ளையை மாற்றுவார்கள். எண்ணிக்கை குறைந்ததும் இருக்கும் ஆசிரியரில் ஒருவர் உபரி ஆவார். பணி நிரவலில் அவர் வேறு பள்ளிக்குப் போவார். அதைப் பார்த்து இன்னும் நான்கு பெற்றோர் மாற்றுவார்கள். பள்ளி தானாகத் தேய்ந்தது என்று நாம் சொல்வோம். அதைத் தேய்த்ததில் நம் எல்லாருடைய கையும் இருக்கும்.

"இப்ப சொல்லுங்க சார், பாப்பாவ மாத்தலாமா, வேண்டாமா?"

அதை நான் சொல்லக் கூடாது, அவர் கண்டுபிடிக்க வேண்டும். நாளிதழின் ஓரத்தைக் கிழித்து நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன், இரண்டு பள்ளியிலும் கேட்கச் சொல்லி. இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய அணி ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேராக இருந்தது? ஐந்து பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, கணக்குக்கும் அறிவியலுக்கும் எத்தனை ஆண்டாக ஒரே ஆள் இருக்கிறார்? சேரும்போது பின்தங்கியிருக்கும் பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள்? போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள்?

தயங்கினார். பள்ளிக்கூடத்துக்குள் போய் இப்படிக் கேட்கலாமா என்ற தயக்கம். அரசுப் பள்ளியில் கேட்பது அவருடைய உரிமை. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் தேவையைத் திட்டமாக எழுதுவதும், மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடும் குழுவாக அதைப் பல ஊர்களில் விட்டுவைத்திருக்கிறோம். நாற்காலி காலியாக இருக்கிறது என்று அது ஒரு தீர்மானம் போட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பினால், அந்தத் தாளுக்கு ஓர் எண் கிடைக்கும். எண் விழுந்த தாளுக்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும்.

ஜூன் 2 அன்று பள்ளிகள் திறந்தன. அந்த வாரக் கடைசியில் அதே பெஞ்சுக்கு அவர் வந்தார். மெட்ரிக் பள்ளி அலுவலகத்தில் மரியாதையாக உட்கார வைத்துக் கட்டணப் பட்டியலைக் கொடுத்தார்களாம். ஒன்பதாம் வகுப்பு எண்ணிக்கையைச் சொல்லும் வழக்கமில்லை என்றார்களாம். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் வருகைப் பதிவேட்டையே எடுத்துக் காட்டியிருக்கிறார். சேர்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், சிலர் தோற்றிருக்கிறார்கள். தோற்றவர்களைத் துணைத்தேர்வுக்குத் தயார் செய்ய மாலை வகுப்பு நடக்கிறது. அறிவியல் ஆசிரியர் இடம் மட்டும் காலி.

மகளை அங்கேயே விட்டுவிட்டார். மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவருடைய மனைவி போயிருக்கிறார். காலியிடத்துக்குத் தீர்மானம் போட்டாயிற்று. கனிம அறக்கட்டளைக்குக் கழிவறை மனு எழுதிக்கொடுக்க என்னைக் கேட்டார். எழுதிக்கொடுத்தேன்.

நான் கொடுத்த அந்தக் காகிதக் கிழிசலை அவர் சட்டைப் பையில் வைத்திருந்தார். பின்பக்கம் ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே, இந்த ஆண்டு மகளோடு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை. மேலே வெற்றிடம்.

"மேல உள்ளத 2027ல எழுதிக்கலாம் சார்" என்றார். "அதுவரைக்கும் கீழ இருக்கறது குறையாமப் பாத்துக்கணும்."